முதற்பதிப்புக்கு என்ன விலை?

சென்னைப் புத்தகக் காட்சியில் 'பொன்னியின் செல்வ'னைக் கடை கடையாக எடுத்துப் புரட்டினால் ஒரு வேடிக்கை தட்டுப்படும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு கடைப் பிரதியில் 'முதற்பதிப்பு' என்று ஒரு வருடம் போட்டிருக்கும். எதிர்க்கடைப் பிரதியில் அதே சொல்லுக்கு நேரே வேறொரு வருடம். கல்கி வார இதழில் 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்த கதை அது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. அச்சிடும் ஒவ்வொருவரும் தம் பதிப்பகத்தின் முதல் அச்சை முதற்பதிப்பு என்கிறார். அவரவர் கணக்கில் அது பொய்யும் இல்லை.

இதே சொல் கடல் கடந்து போனால் அதன் கனமே வேறு. 2020 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623-ஆம் ஆண்டு முதல் தொகுப்பு ஏறத்தாழ 1 கோடி டாலருக்குப் போனது. அங்கே 'முதற்பதிப்பு' என்று எழுதி விற்பவர் அதை நிரூபிக்கக் கடமைப்பட்டவர். நிரூபணம் பிசகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு பழைய அச்சுப் புத்தகத்துக்கு இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? நாலரை நூற்றாண்டு அச்சு வரலாறு உள்ள தமிழில் அப்படியொரு சந்தை ஏன் உருவாகவில்லை? உருவாகாததால் நமக்கு லாபமா, நஷ்டமா?

பழமை மட்டும் போதாது

பழசாக இருந்தாலே விலை உண்டு என்பது பரண் மேல் பெட்டி வைத்திருப்பவர்களின் பொதுவான நம்பிக்கை. புத்தக வியாபாரிகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். முந்நூறு வருடத்துப் பிரசங்க நூல் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடக்கும். 1997-ல் வந்த சிறுவர் நாவல் லட்சக்கணக்கான டாலருக்குப் போகும். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் அந்த ஆண்டு ஜூனில் லண்டனில் வெளியானபோது கெட்டி அட்டையில் அடித்தது 500 பிரதிகள். அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் கைகளில் கிழிந்தது. பளிச்சென்று தப்பிய ஒரு பிரதி 2021 டிசம்பரில் அமெரிக்காவில் 4,71,000 டாலருக்கு ஏலம் போனது.

ஆக, முதல் கணக்கு இது: தேடுபவர் எத்தனை பேர், பிரதி எத்தனை. பாரிஸில் சில்வியா பீச் என்ற புத்தகக் கடைக்காரர் 1922 பிப்ரவரி 2-ல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலை வெளியிட்டபோது அச்சிட்டது 1,000 பிரதிகள். அதையும் காகிதத்தின் தரத்தை வைத்து 100, 150, 750 என்று மூன்றாகப் பிரித்து எண்ணிட்டார். முதல் நூறில் ஆசிரியரின் கையொப்பம். தாகூரின் ஆங்கில 'கீதாஞ்சலி' 1912-ல் லண்டன் இந்தியா சொசைட்டிக்காக அச்சானது 750 பிரதிகள். விற்பனைக்கு விட்டது 250 மட்டுமே. அடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தது. உலகம் அதன் பிறகு படித்ததெல்லாம் மேக்மில்லன் வெளியிட்ட பதிப்பு.

இரண்டாவது கணக்கு, நூலின் நிலை. ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925-ல் வந்தபோது மேலே சுற்றியிருந்த படம் போட்ட தாளுறையைப் பலரும் கிழித்து எறிந்தார்கள். கடையிலிருந்து வீடு சேரும் வரை தூசு படாமல் காக்க வந்த காகிதம்தானே! இன்று உறையில்லாத முதற்பதிப்புக்குச் சில ஆயிரம் டாலர். நல்ல உறையோடு கிடைத்தால் லட்சத்தைத் தாண்டும். அந்த உறையின் பின்பக்கத்தில் நாயகன் பெயரின் முதல் எழுத்து சிறிய எழுத்தாக அச்சாகிவிட, அதைப் பிறகு திருத்தினார்கள். சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்தப் பிழையைத்தான். அச்சுக்கோப்பவரின் கைத்தவறு அந்தத் தாள் அச்சான வேளையைக் காட்டிக் கொடுக்கிறது.

மலிவான பொருள்தான் சீக்கிரம் அருகிப்போகும் என்பது இந்தத் தொழிலின் விசித்திரம். எட்கர் ஆலன் போ தம் பதினெட்டாம் வயதில், 1827-ல், 'ஒரு பாஸ்டன்வாசி' என்று மட்டும் போட்டு 'தாமர்லேன்' என்ற மெல்லிய கவிதை நூலை வெளியிட்டார். இன்று உலகில் அறியப்பட்டவை 12 பிரதிகள். அவற்றில் ஒன்றை 1988-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மீனவர் பழம்பொருள் கொட்டகை ஒன்றிலிருந்து 15 டாலருக்கு வாங்கினார். உரமும் விவசாயமும் பற்றிய துண்டுப் பிரசுரங்களுக்கு நடுவே கிடந்தது அது. அதே ஆண்டு ஏலத்தில் 1,98,000 டாலர் கிடைத்தது.

சாட்சி சொல்லும் காகிதம்

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் சேகரிப்பாளரின் பித்து ஆய்வாளருக்குச் சோறு போட்ட கதைகள் உண்டு. ஷேக்ஸ்பியரின் 1623 தொகுப்பு சுமார் 750 பிரதிகள் அச்சானதாக மதிப்பிடுகிறார்கள். தெரிந்தவரை 235 எஞ்சியுள்ளன. அவற்றில் 82 பிரதிகளை ஹென்றி ஃபோல்ஜர் என்ற எண்ணெய் நிறுவன அதிபர் ஒருவரே வாங்கிக் குவித்தார். ஒரே புத்தகம் எதற்கு எண்பத்திரண்டு? சார்ல்டன் ஹின்மன் என்ற அறிஞர் இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்குக் காட்டும் ஒரு கருவியைச் செய்து, வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தின் 55 பிரதிகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்தியிருக்கிறார்கள், திருத்தாத தாள்களையும் வீணாக்காமல் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பது அவர் 1963-ல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகத் தெரிந்தது. 'மேக்பெத்', 'ஜூலியஸ் சீசர்' உட்பட 18 நாடகங்களுக்கு இந்தத் தொகுப்பை விட்டால் முந்தைய அச்சு எதுவும் இல்லை. அவற்றுக்கு இந்தப் பிரதிகளே சாட்சி.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். இங்கிலாந்தில் தாமஸ் ஜேம்ஸ் வைஸ் என்பவர் அந்நாட்டின் தலைசிறந்த நூல் சேகரிப்பாளர் என்று பெயர் எடுத்தவர். நூலியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருங்கவிஞர்களின் 'இதுவரை யாரும் அறியாத' முதற்பதிப்புச் சிறுநூல்கள் அவர் வழியாகச் சந்தைக்கு வந்தபடி இருந்தன. எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் கவிதைகள் 1850-ல் நூலில் வந்தவை. 1847 என்று அச்சிட்ட ஒரு சிறுநூலும் திடீரென்று முளைத்தது. ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகளுக்குச் சந்தேகம் தட்டியது. காகிதத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மரத்தை ரசாயனத்தில் பதப்படுத்திய கூழ் அதில் இருந்தது. அத்தகைய காகிதம் 1870-களுக்கு முன் இங்கிலாந்தில் கிடையாது. எழுத்துருவும் காலத்தைக் காட்டிக் கொடுத்தது. 1934-ல் இருவரும் வெளியிட்ட நூலில் குற்றவாளி என்று யாரையும் நேரே சொல்லவில்லை, படித்தவர்களுக்குப் புரிந்தது. 1937-ல் வைஸ் இறந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய நாடக நூல்களிலிருந்து தாள்களைக் கிழித்துத் தம் பிரதிகளின் குறைகளை அவர் நிரப்பிக்கொண்டதும் பிற்பாடு வெளிப்பட்டது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது துப்பறிந்தவர்கள் யார் என்பது. பல்கலைக்கழகம் அல்ல, கடைக்காரர்கள். பிரதியை அளந்து, தாள் எண்ணி, குறை எழுதி விற்கும் பழக்கம் அவர்களுக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தது.

தமிழில் எவை அரியவை?

தமிழ் எழுத்தில் அச்சான, இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் 'தம்பிரான் வணக்கம்'. அண்டிரிக்கி அடிகளார் ஆக்கிய இந்தப் பதினாறு பக்க நூல் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சானது. அதன் பிரதி இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-ல் நிறைவடைந்தது. திருக்குறள் மூலம் 1812-ல் அச்சேறியது. 1835 வரை இந்தியர் அச்சகம் நடத்தக் கம்பெனி ஆட்சியில் கெடுபிடி இருந்ததால் அதற்கு முந்தைய தமிழ் நூல்கள் எண்ணிக்கையிலேயே குறைவு.

அதன் பிறகு மடை திறக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879, உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் 1887. இவற்றின் முதல் அச்சைக் கையில் எடுப்பவருக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அக்காலத் தலைப்புப் பக்கங்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இருக்காது, தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். சர்வசித்து என்றால் 1887-88. அறுபது வருடச் சுழற்சியில் 1947-48-ம் அதுவே. அச்சகத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, அணாக் கணக்கில் போட்ட விலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஆனால் இந்தப் பெருநூல்களை வாங்கியவர்கள் பைண்டு செய்து பீரோவில் வைத்தார்கள்; பிரதிகள் ஓரளவு பிழைத்தன. போவின் சிறுநூல் கதை தமிழிலும் உண்டு. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்துகள், ரயில் விபத்துப் பாடல்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் அச்சாகிப் படித்த மறுநாளே காணாமல் போனவை. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சகங்கள் ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டியிருந்தது. அவற்றில் ஒரு பகுதி லண்டன் நூலகங்களுக்குப் போனது. குஜிலி நூல்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுத முடிந்தது இப்படித் தப்பிய பிரதிகளால்தான்.

பாரதியும் இந்த வரிசையில்தான் நிற்கிறார். 1907-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றைத் துண்டுப் பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இனாமாகக் கொடுத்தார். இனாமாக வந்த தாளை யார் பத்திரப்படுத்துவார்? 'ஸ்வதேச கீதங்கள்' 1908. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912. இரண்டாம் பாகம் நூலானபோது பாரதி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 'கனவு' தடை செய்யப்பட்டது. சீனி. விசுவநாதன் பாரதி எழுத்துகளைக் கால வரிசைப்படுத்தித் தொகுதி தொகுதியாக வெளியிட, அந்த முதல் அச்சுகளையும் பத்திரிகை இதழ்களையும் தேடி வாழ்நாள் முழுக்க அலைய வேண்டியிருந்தது.

இன்னொரு தமிழ் விசேஷம் பைண்டு செய்த தொடர்கதை. ஆனந்த விகடனிலும் கல்கியிலும் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, ஊர் பைண்டரிடம் கொடுத்துக் கேலிகோ முதுகு போட்டு வாங்கிய தொகுப்புகள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் கோபுலுவின் கோடுகள். 'பொன்னியின் செல்வன்' என்றால் மணியத்தின் ஓவியங்கள். கறாராகச் சொன்னால் இவை நூலே அல்ல. ஆனால் அந்தக் கதை முதன்முதல் வாசகரை அடைந்த வடிவம் இதுதான். படமும், வார முடிவில் கதை நின்ற இடமும், பின்பக்கத்து விளம்பரமும் சேர்ந்த வடிவம். தமிழ் நாவலின் உண்மையான முதற்பதிப்பு எது என்று கேட்டால் பல நேரம் இந்த வீட்டுப் பைண்டைத்தான் காட்ட வேண்டும். புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பை வேங்கடாசலபதி 2000-ல் கொண்டுவந்தபோது கதைகள் முதலில் வந்த இதழ்களையும் ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார்.

எடைக்கும் ஏலத்துக்கும் நடுவே

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் பல தலைமுறை வாசகர்களுக்குப் பழம்புத்தகப் பல்கலைக்கழகம். 1985 மே 30-ல் அது எரிந்தது. திருவல்லிக்கேணி நடைபாதைகளில் அந்த வியாபாரத்தின் மிச்சம் தொடர்ந்தது. இந்தக் கடைக்காரர்களை லேசாக எண்ணக் கூடாது. யாருக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வாடிக்கையாளர் முகம் மலர்வதைப் பார்த்தே விலை சொல்வார்கள். இல்லாதது ஒன்றுதான்: எழுத்தில் விவரம். இது எந்தப் பதிப்பு, எத்தனை தாள் குறை, யார் வீட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு எதுவும் புத்தகத்தோடு கை மாறுவதில்லை.

எனவே தமிழில் அரிய நூல்களைக் காத்தவர்கள் தனி மனிதர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு, வார இதழ் என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் என்பார்கள். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு வழி செய்தது. தமிழ் நூல் விற்பனையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய வியாபாரத்தைச் சொல்வது கடினம். ஒரு சேகரம் உடையாமல் முழுதாகக் கை மாறியதுதான் அதன் சிறப்பு. மறைமலையடிகளின் சொந்த நூல்கள் 1958-ல் பொது நூலகமானதும், புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் முதற்பதிப்புகளைத் தேடித் தேடி ஞானாலயாவை வளர்த்ததும் இதே வகை.

தனி மனிதரை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. நிறுவனத்தை நம்புவதிலும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. தஞ்சை சரஸ்வதி மகாலில் இருந்த, சரபோஜி மன்னர் கையொப்பமிட்ட 1715 புதிய ஏற்பாடு 2005-ல் காணாமல் போனது. அது லண்டனில் ஒரு சேகரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்ததாகத் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-ல் அறிவித்தது. அந்தக் கையொப்பம் பற்றிய விவரம் பதிவில் இருந்தது. இது நம் பிரதி என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

சந்தை வந்தால் என்ன ஆகும்?

விலை ஏறினால் நூலகங்களில் திருட்டு பெருகும், ஏழை ஆய்வாளருக்கு எதுவும் கிடைக்காது, நல்ல பிரதிகள் வெளிநாட்டு அலமாரிக்குப் போகும் என்று அஞ்சுபவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வைஸ் போன்றவர்கள் இங்கேயும் முளைப்பார்கள். மறுபக்கம் இதையும் பார்க்க வேண்டும்: இன்று ஒரு தமிழாசிரியர் இறந்தால் அவருடைய அலமாரி முதலில் போகும் இடம் பழைய பேப்பர் கடை. கிலோ விலைக்குப் போகும் பொருளை யாரும் திருடுவதில்லை, காப்பாற்றுவதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாளின் அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. நம் கடலோரப் புழுக்கமும் இராமபாணப் பூச்சியும் அதற்குத் துணை. 1715-ன் கந்தல் கூழ்க் காகிதம் இன்னும் மடங்கும். 1930-களின் நாவல் புரட்டும்போதே உதிரும்.

எல்லாவற்றையும் வருடி இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா? தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஈழத்து நூலகம் நிறுவனமும் செய்திருக்கும் வேலையால் ஒரு தலைமுறையே பயன்பெறுகிறது. ஆனால் வருடிய கோப்புகள் பலவற்றில் மேலட்டை இருக்காது, பின்பக்க விளம்பரம் இருக்காது, முன்னாள் உடைமையாளர் எழுதிய பெயர் இருக்காது. ஒரு நூலுக்கு ஒரு பிரதி வருடினால் போதும் என்ற எண்ணத்துக்கு ஹின்மனின் 55 பிரதிகளே பதில்.

தமிழில் இன்று குறைவது பணமோ ஆர்வமோ அல்ல, விவரணை. ஜான் மர்டாக் 1865-லேயே அச்சான தமிழ் நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் தந்தார். பிரிட்டிஷ் மியூசியம் 1909-ல் தன் தமிழ் நூல் அட்டவணையை வெளியிட்டது. தமிழ் நூல் விவர அட்டவணைத் தொகுதிகள் அரசு முயற்சியில் வந்தன. இவையெல்லாம் என்ன நூல், எந்த ஆண்டு என்று சொல்லும். முதல் அச்சின் பக்கம் எத்தனை, அட்டை என்ன நிறம், முன்னுரை யாருடையது, இரண்டாம் பதிப்பில் எது மாறியது என்று சொல்பவை அரிது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில், ஆற்றில் போவதற்குக் கணக்கே இல்லை. பாரதி, புதுமைப்பித்தன், கல்கி என்று ஓர் ஆசிரியருக்கு ஒன்றாக முழுமையான நூல் விவரத் தொகுப்பு வரட்டும். சந்தை வந்தாலும் வராவிட்டாலும் அது பயன்படும். போலியை மடக்கவும், திருட்டுப் பிரதியை அடையாளம் காணவும், வீட்டுப் பரணில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளவும் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். பதிப்பகங்களும் 'எங்கள் முதற்பதிப்பு' என்று ஒரு சொல் கூட்டி, அதன் கீழே நூல் முதலில் வந்த ஆண்டையும் போடலாம். அதற்கு ஒரு வரிக்கு மேல் செலவில்லை.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தா வைத்துப் போன புத்தகங்களை எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றின் அட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசித் தாள் நான்கையும் கைப்பேசியில் படம் எடுத்து, அருகில் உள்ள ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிப் பதில் வரும் வரை கட்டை அவிழ்க்காமல் வைத்திருங்கள். முதுகு கிழிந்த தொடர்கதைப் பைண்டையும் அந்தக் கட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.